காலை பதினொரு மணிக்கு ஒரு சொட்டு

தைப்பிங் அருகே, பேராக், மலாயா
4 மே 1952

அன்புள்ள அக்காவுக்கு,

பெருமாள் வணக்கத்துடன் எழுதுவது. உன் கடிதமும் ராஜமணி வரைந்த நாய்ப் படமும் வந்து சேர்ந்தன. படத்தில் நாய்க்கு ஐந்து கால். அதில் வால் எது என்று நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர்கூடக் கேட்டுவிட்டார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ராஜமணியை இங்கே அழைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். பொன்னம்மை காலமான வருஷமே கப்பல் ஏறினேன். இரண்டு வருஷம் பார்த்துக்கொள் என்றுதான் உன்னிடம் விட்டேன். ஐந்து ஆகிவிட்டது. நாலு வயதில் விட்ட பிள்ளைக்கு இப்போது ஒன்பது. இன்னும் தள்ளிப்போட்டால் நான் சுவரில் மாட்டிய படமாகவே இருந்துவிடுவேன்.

இங்கே கம்யூனிஸ்டுகளோடு நடக்கும் காட்டுச் சண்டை பற்றி நீ எழுதுவாய் என்று தெரியும். எங்கள் எஸ்டேட் டவுனுக்குப் பக்கம். முள்கம்பி வேலி, காவல் எல்லாம் உண்டு. பள்ளிக்கூடத்து ஞானசிகாமணி மாஸ்டரும் அவர் சம்சாரமும் அடுத்த வீடு. அவர்கள் நாகர்கோவிலுக்கு லீவில் வந்திருக்கிறார்கள். ஆகஸ்டில் திரும்பும்போது பிள்ளையைக் கூட்டிவருவார்கள்.

நாயையும் அனுப்பலாம். ஆனால் ஒரு நிபந்தனை. எங்கள் துரையின் இரண்டு நாய்கள் போன வருஷம் இருமி இருமி, வயிறு வீங்கிச் செத்தன. இதயத்தில் நூல் நூலாகப் புழு. ஒரு நாயைக் கடித்த கொசு இன்னொரு நாய்க்குக் கொண்டுபோய் விடுகிறதாம். மிச்சமிருப்பது ஒன்று. அதனால் வெளியிலிருந்து வரும் எந்த நாய்க்கும் ரத்தம் சுத்தம் என்று எழுத்து இல்லாமல் வேலிக்குள் இடமில்லை என்கிறார். இதை நான் வேறு யாரிடம் கேட்க? கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள் நீ, நீயே பார்த்து எழுதினால் போதும்.

உன் தம்பி,
பகவதிப்பெருமாள்


தைக்காடு, திருவனந்தபுரம்
16 மே 1952

அன்புள்ள பெருமாள்,

கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுத வரவில்லை, நாலு நாள் ஆயிற்று.

நீ அவளுக்குத் தகப்பன். அழைத்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு. அது நியாயமா என்று கேட்க எனக்கு இடமில்லை. ஆனால் முள்கம்பி வேலி பாதுகாப்பு என்று எழுதுகிறாயே, வேலி எதற்குப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் யோசி. இதற்கு மேல் நான் சொல்லவில்லை.

ராஜமணியிடம் சொன்னேன். அவளுக்குப் பிடிவாதம் வந்தால் மலையாளம்தான் வரும். "சங்கு வந்நால் ஞானும் வராம். இல்லெங்கில் அச்சன் இங்ஙோட்டு வரட்டெ" என்று, நாய் வராவிட்டால் நீதான் இங்கே வர வேண்டும் என்று சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு குளத்தங்கரைக்குப் போய்விட்டாள். உன்னை அவள் அப்பா என்று சொல்வதில்லை, அச்சன் என்றுதான் சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அப்படிச் சொல்வதால் வந்த பழக்கம். மற்றபடி ஒன்றுமில்லை.

சங்கு எப்படி வந்தது என்று உனக்கு எழுதியிருக்கிறேனா? போனக்காட்டு எஸ்டேட்டிலிருந்து ஒரு துரை ஊருக்குப் போனபோது குட்டிகளை விட்டுப் போனார். அங்கே கணக்கராக இருக்கும் நயினார் ஒன்றை ஓலைக்கூடையில் போட்டு வித்துராவிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தார். கழுத்தில் வெள்ளை. அதனால் சங்கு. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அப்போது அவள் தாயைத் தேடி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருப்பாள். நாய் வந்த பிறகு தூங்கினாள். அதன்பின் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கல்லூரி ஜூனில்தான் திறக்கும். திறந்ததும் ரத்தம் பார்த்து எழுதுகிறேன். சுத்தமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு எந்த ஏற்பாடும் செய்யாதே. வீட்டுக்குப் பின்னால் குளம் நிறைய ஆகாயத்தாமரை. அந்தக் குளத்துக் கொசு கடிக்காத உயிர் இந்தத் தெருவில் இல்லை. நாய்க்குப் புழு இருந்தால் இருக்கிறது என்றுதான் எழுதுவேன்.

உன் அக்கா,
சிவகாமி


தைக்காடு
7 ஜூன் 1952

அன்புள்ள பெருமாள்,

ரத்தம் பார்த்தாகிவிட்டது. நேற்று வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, இரண்டு வகுப்புகளுக்கு நடுவில், காது நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஸ்லைடு முழுவதும் ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தேன். புழு இல்லை. தனித்தாளில் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். துரையிடம் கொடு.

கால்நடை டாக்டரிடமும் கொண்டுபோனேன், கப்பலுக்கு அவர் காகிதம் வேண்டுமே. ரத்தம் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். "டீச்சர் நோக்கியல்லோ, பின்னே ஞான் எந்தினா நோக்குன்னது?" என்று சிரித்துக்கொண்டே, தான் பார்க்காமலே முத்திரை குத்தினார். வெறிநாய்க் கடிக்கு ஊசியும் போட்டார்.

நம் வீட்டில் சமையலுக்கு நிற்கும் முத்தாரம்மாளுக்குத்தான் திருப்தி இல்லை. அவளுக்கு யானைக்கால் என்று உனக்குத் தெரியும். "எனக்கு ரத்தம் எடுக்க வந்தவனுவ ராத்திரி பத்து மணிக்கில்லா வந்து கதவத் தட்டினானுவ. நாய்க்கு மட்டும் பகல்ல பாத்தாப் போருமோ? நாயி என்ன, கச்சேரி உத்தியோகமா பாக்குது, பகல்ல மட்டும் ஆப்பீஸ் நடத்த?" என்று கேட்டாள். ராஜமணி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

ஆக, நாய் வரலாம். ராஜமணியும் வருவாள். அவளுக்கு இரண்டு கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறேன். வளர்ந்துகொண்டே இருக்கிறாள், தாராளமாக வைத்துத் தைக்கச் சொன்னேன்.

உன் அக்கா,
சிவகாமி


பேராக்
22 ஜூன் 1952

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காகிதத்தைத் துரை இரண்டு முறை படித்தார். "உங்கள் அக்கா விஞ்ஞானியா?" என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான், அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு நாய்க்கூடுகூடத் தச்சனிடம் சொல்லிச் செய்யச் சொன்னார்.

அக்கா, நீ நினைத்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நீ அப்படி எழுத மாட்டாய் என்பதால்தான் உன்னையே பார்க்கச் சொன்னேன். நான் இதை மறக்க மாட்டேன்.

இன்னொன்று. இங்கே கொசு அதிகம். யானைக்காலுக்கென்று புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது, கூலிகளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கிறோம். நாய்க்கும் முன்னதாகவே கொடுத்துவந்தால் புழு வராமல் காக்குமா? உன் புத்தகங்களில் ஏதாவது இருக்கிறதா?

பெருமாள்


தைக்காடு
20 ஜூலை 1952

அன்புள்ள பெருமாள்,

கப்பலுக்கு இங்கே செய்த கூடு தயார். பயணத்துக்காக ஞானசிகாமணி மாஸ்டரிடம் கொடுக்க ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். உனக்கும் சொல்கிறேன், அவர் மறந்தாலும் நீ கேட்டுக்கொள்ளலாம்.

கூட்டுக்கு அளவெடுத்துக் கொசுவலை தைத்திருக்கிறேன். அடியில் நாடா கோத்திருக்கிறது, இழுத்துக் கட்ட வேண்டும். வெயில் சாய்வதற்கு முன் கட்டி, விடிந்த பிறகுதான் அவிழ்க்கலாம். ரயிலில் கார்டு வண்டியில் நாய்ப்பெட்டிக்குள் போடுவார்கள். அதற்கு முன் பெட்டியின் மூலைகளில் டி.டி.டி. பவுடர் தூவ வேண்டும், நாய் நக்கும் இடத்தில் தூவக் கூடாது. கப்பலில் தண்ணீர்த் தொட்டி பக்கம் கூட்டை வைக்கக் கூடாது. தினமும் காது மடிப்பு, கால்விரல் இடுக்கு இரண்டும் பார்த்து உண்ணி இருந்தால் எடுத்துவிட வேண்டும். உண்ணிக்காய்ச்சல் வந்த நாய் பிழைப்பது அபூர்வம்.

"ஒரு நாய்க்கு வலையா! எனக்க காலு இப்பிடி ஆகுறதுக்கு முன்ன ஒருத்தனுக்கு இந்தப் புத்தி வரல்லியே" என்று முத்தாரம்மாள் சொன்னாள். அவளுக்கும் ஒரு வலை வாங்கிக் கொடுத்தேன். இனி என்ன பயன் என்று அவளே கேட்டாள்.

மாத்திரை பற்றி. நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்ததாக ஒரு சஞ்சிகையில் படித்தேன். கொடுக்கலாம். ஆனால் ரத்தத்தில் ஏற்கெனவே புழுக்குஞ்சுகள் இருக்கும் நாய்க்குக் கொடுத்தால் அவை ஒரேயடியாகச் செத்து நாயையும் கொண்டுபோய்விடும். ரத்தம் சுத்தமான நாய்க்கு மட்டும். சங்குவுக்கு அந்தப் பயம் இல்லை. எடைக்கு ஏற்ற அளவைத் தாளில் எழுதியிருக்கிறேன்.

ராஜமணி ஒரு வாரமாக என்னோடுதான் படுக்கிறாள். நாய் கட்டிலுக்கு அடியில். வலைக்குள் படுத்துப் பழக வேண்டும் என்று கூட்டில் விட்டால் குரைக்கிறது. பழகிக்கொள்ளும்.

அவள் சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்காதே. பேசினால் சாப்பாட்டை மறந்துவிடுவாள்.

சிவகாமி


பேராக்
11 செப்டம்பர் 1952

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியமாக வந்து சேர்ந்தார்கள். சங்குவை மட்டும் பினாங்குத் துறைமுகத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் விடுவார்களாம். வலையோடு வைத்திருக்கச் சொல்லி ஆள் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

ராஜமணி என்னை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கேட்டால் பதில் சொல்கிறாள், ஒரு சொல். நேற்று மட்டும் தானாக வந்து, "அச்சன், சங்கு எந்நு வரும்?" என்றாள். காலண்டரில் தேதியைக் காட்டினேன். தினமும் ஒரு கட்டம் அடிக்கிறாள். அந்தக் கட்டம் அடிக்கும்போது என் பக்கத்தில் நிற்கிறாள். எனக்கு இப்போதைக்கு அது போதும்.

பெருமாள்


பேராக்
14 அக்டோபர் 1952

அக்கா,

சங்கு இறந்துவிட்டது.

புதன்கிழமை காலையில் பினாங்கிலிருந்து வந்தது. வேலிக்கதவிலிருந்தே அவளும் அதுவும் ஓடினார்கள். முதல்முறையாக அவள் சிரித்துப் பார்த்தேன். சாயங்காலம் மாத்திரை கொடுக்க வேண்டிய நேரம். நான் கொடுப்பதைவிட அவள் கையால் கொடுக்கட்டும், அது எங்கள் இரண்டு பேருக்குமான வேலையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். "இதைக் கொடுத்தால் சங்குவுக்கு ஒன்றுமே வராது" என்று சொன்னேன். வாழைப்பழத்தில் வைத்து அவள்தான் கொடுத்தாள். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தது. ஈறெல்லாம் வெளுத்துவிட்டது. நிற்க முடியவில்லை. ஊசி போட்டேன். விளக்கு வைப்பதற்கு முன் முடிந்துவிட்டது.

அவள் அழவில்லை. என் கையைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து நான் தொட்ட எதையும் அவள் சாப்பிடுவதில்லை. நான் எடுத்து வைத்த தண்ணீரைக்கூடக் குடிப்பதில்லை. மாஸ்டர் வீட்டில் அந்த அம்மாள் பரிமாறினால் நாலு வாய். அந்த அம்மாளிடம், "அச்சன் தந்தது தின்னா சாவும்" என்று சொன்னாளாம். ஆறு நாளாயிற்று. கன்னம் ஒட்டிவிட்டது.

புதைப்பதற்கு முன் நாயிடமிருந்து ஒரு சொட்டு எடுத்தேன். இங்கே மலேரியா பார்க்கும் மைக்ராஸ்கோப் இருக்கிறது. ஒரு பார்வையிலேயே புழுக்குஞ்சு இருபதுக்குக் குறையாது. மாத்திரைக்கு முன் நானே பார்த்திருக்கலாம். நீ பார்த்திருக்கிறாய் என்று பார்க்கவில்லை.

கூண்டில் ஒரு மாதத்தில் வந்த புழுவா இது? கொசு கடித்து, அது வளர்ந்து, ரத்தத்தில் குஞ்சு தெரிய அரை வருஷமாவது, இத்தனை பெருக இன்னும் பல மாதமும் ஆகும் என்று நீதான் முன்பு எழுதியிருந்தாய். அப்படியென்றால் ஜூனிலேயே இருந்திருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏன் பகலில் எடுத்தாய்?

பெருமாள்


தைக்காடு
23 அக்டோபர் 1952

அன்புள்ள பெருமாள்,

நீ கேட்டதற்குச் சொல்லக்கூடிய காரணங்கள் உண்டு. லாபரட்டரி ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். ராத்திரி சாவி வேண்டுமென்றால் பிரின்சிபாலிடம் எழுதிக் கேட்க வேண்டும். தனியாக இருக்கும் ஒரு பெண் லெக்சரர் விளக்கு வைத்த பிறகு நாயோடு கல்லூரிக்குப் போனால் என்ன பேசுவார்கள் என்றும் சொல்லலாம். இவை எதுவும் காரணம் அல்ல. வீட்டிலேயே ராத்திரி ஒரு சொட்டு எடுத்து, ஸ்லைடில் உலர்த்தி, மறுநாள் கொண்டுபோயிருக்கலாம். என் முதல் வருஷ மாணவிகூட இதைச் சொல்வாள். பகலில் அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் உள்ளே ஒதுங்கிக்கொள்ளும், இருட்டியபின்தான் தோலோர ரத்தத்துக்கு நிறைய வரும் என்று பதினெட்டு வருஷமாகப் பாடம் சொல்லிவருகிறேன். நாய்ப்புழு பகலிலும் கொஞ்சம் மிதக்கும். ஒரு சொட்டில் அகப்படாமல் போவது சுலபம்.

நடந்தது இது. அன்று காலை கல்லூரிக்கு நடக்கும்போது, புழு இருக்க வேண்டும் என்று விரும்பினேன். இருந்தால் நாய் போகாது. நாய் போகாவிட்டால் பிள்ளை போகாது. ஸ்லைடில் ஒன்றும் இல்லை என்றதும் எனக்கு ஏமாற்றம் வந்தது, அந்த ஏமாற்றத்தைக் கண்டு வெட்கம் வந்தது. அன்று சாயங்காலம் முத்தாரம்மாள் ராத்திரி என்று சொன்னாள். அவள் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஆனால் ராத்திரி எடுப்பது என்னுடைய ஆசைக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதாகத் தோன்றியது. பிள்ளையை வைத்துக்கொள்ளத் தேடித் தேடிப் பார்த்தவள் ஆகக் கூடாது என்று நினைத்தேன். நியாயமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். நீ என் நேர்மையைப் பாராட்டி எழுதினாய். அதைப் படித்துச் சந்தோஷமும் பட்டேன்.

நான் பார்த்தேன் என்பதால் டாக்டர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன் என்பதால் நீயும் பார்க்கவில்லை.

கொசுவலை வேறு தைத்தேன்.

கீழே எழுதியிருப்பதை ராஜமணியிடம் நீ வாசித்துக் காட்டாதே. அவள் கையில் கொடு, அவளே வாசிக்கட்டும். எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

"ராஜமணி, சங்குவின் ரத்தத்தில் முன்பே புழு இருந்தது. அத்தை சரியாகப் பார்க்கவில்லை. ராத்திரி பார்க்காமலே, புழு இல்லை என்று எழுதினேன். புழு இருக்கும் நாய்க்கு அந்த மாத்திரை ஆகாது. அச்சனுக்கு அது தெரியாது, நான் எழுதியதை நம்பினார். நீ அச்சன் சொன்னதை நம்பினாய். தப்பு உன் கையில் இல்லை, அச்சன் கையில் இல்லை. அத்தையிடம்தான். அச்சன் தருவதைச் சாப்பிடு."

இதை அவளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கொடு.

சிவகாமி


பேராக்
9 நவம்பர் 1952

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்த அன்றே கொடுத்தேன். மாஸ்டர் வீட்டுப் படியில் உட்கார்ந்து வாசித்தாள். ஒரு முறைதான். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"அத்தைக்குத் தெரியாமப் போச்சா?" என்று கேட்டாள்.

தெரியாமல் போய்விட்டது என்றேன். உனக்காகத்தான் சொன்னேன். நீ எழுதியது வேறு என்றாலும், அந்த வயதுப் பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது?

அவள் தலையை ஆட்டினாள். "இல்ல. முத்தாரம்மாள் சொன்னா. நானும் அங்கதான் இருந்தேன். அத்தை சிரிச்சா. அதுனாலதான் நானும் சிரிச்சேன்."

அன்று ராத்திரி என் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் போட்ட சோற்றை முழுவதும் சாப்பிட்டாள். எழுந்திருக்கும்போது, "அப்பா, மோர் இருக்கா?" என்றாள். அச்சன் என்று சொல்லவில்லை. இதை உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ செய்ததால் கிடைத்தது, மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

உனக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தாள். பிறகு பென்சிலைப் பெட்டியில் போட்டுவிட்டாள். இனி நான் சொல்லப்போவதில்லை. உன் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தேன். அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். கிழிக்கவில்லை.

நான் எழுதிக்கொண்டிருப்பேன்.

பெருமாள்


தைக்காடு
30 நவம்பர் 1952

அன்புள்ள பெருமாள்,

கடிதம் கிடைத்தது. அவள் சாப்பிடுகிறாள் என்பது போதும். மோரில் உப்பு அதிகம் போடாதே, அவளுக்குப் பிடிக்காது.

நீ அவளிடம் தெரியாமல் போய்விட்டது என்று சொல்லியிருக்க வேண்டாம். அவள் சொன்னதுதான் சரி.

போன வாரம் பிரின்சிபாலிடம் எழுதிக் கேட்டு ராத்திரிச் சாவி வாங்கினேன். ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டார். தெருவில் பதினொரு நாய்களுக்குப் பார்த்தேன். ஏழில் புழு இருக்கிறது.

தபால்காரன் உன் கவரைக் கொடுக்கும்போது முத்தாரம்மாள் வாசலில் நின்றாள். "பிள்ள எனக்கு என்னவும் எழுதியிருக்காளா?" என்று கேட்டாள். எழுதியிருக்கிறாள் என்றேன். வாசிக்கச் சொன்னாள். உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, "முத்தாரம்மாளுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள்" என்று வாசித்தேன்.

இல்லாததை இருப்பதாக வாசித்தது இதுதான் முதல் தடவை. அவள் காலை நீட்டிக் காட்டி, "கொறஞ்சிருக்குன்னு எழுதுங்கோ" என்றாள். குறையவில்லை. எழுதியிருக்கிறேன்.

உன் அக்கா,
சிவகாமி